பொத்தான் அக்கார்டியனுக்குக் கிட்டார் துணை: ஐரிஷ் மரபிசையின் சில பாணிகள்

ஐரிஷ் நடன மெட்டுகளைப் பொத்தான் அக்கார்டியனில் வாசிக்கும் நண்பருக்குக் கிட்டாரில் துணை வாசிக்கத் தொடங்கியிருக்கும் வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறார். டாட்கேட் எனப்படும் டி-ஏ-டி-ஜி-ஏ-டி சுருதியமைப்பைப் பயில்வதா, வழக்கமான சுருதியிலேயே தொடர்வதா என்பது ஒன்று. எந்தக் கலைஞரை முன்மாதிரியாகக் கொள்வது என்பது மற்றொன்று. தந்திகளை எப்படிச் சுருதி கூட்டுவது என்ற கேள்வி, என் கருத்தில், மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரவேண்டியது. பக்கத்தில் ஒலிப்பது எந்த வகை அக்கார்டியன், அதை வாசிப்பவரின் இடது கை என்ன செய்கிறது, எடுத்துக்கொண்ட மெட்டு எந்த நடனத்துக்கு உரியது என்பவை தெளிவான பிறகே அதற்குப் பொருளுள்ள விடை கிடைக்கும். ஃபிடிலுக்கும் மரப் புல்லாங்குழலுக்கும் துணை வாசித்துப் பழகிய கிட்டார் கலைஞர்கள் அக்கார்டியனிடம் தடுமாறுவதற்குக் காரணம், அந்தக் கருவிகள் விட்டுவைக்கும் இடத்தை இது விட்டுவைப்பதில்லை. ஒலிமிகுதி, அறுபடாத நாதம், சொந்தமான அடிக்குரல் (பேஸ்), சொந்தமான கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரத் தொகுதி), சொந்தமான தாளத் துடிப்பு ஆகிய அனைத்தும் அதனிடமே இருக்கின்றன. ஆகவே கிட்டார் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை வாசிக்காமல் விடுவது என்பதே இங்கு பாணியை நிர்ணயிக்கிறது.

வரலாற்றை விரைவாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் கிட்டாரின் பங்கு இதில் மிக அண்மையது. ஐரிஷ் நடன இசை அடிப்படையில் தனி மெட்டிசை. பலர் சேர்ந்து வாசித்தாலும் எல்லோரும் ஒரே மெட்டைத் தத்தம் அலங்காரங்களோடு வாசிப்பதே மரபு. துணைக் கருவி என்ற எண்ணம் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் ஒலிப்பதிவுக் கூடங்களில் வேரூன்றியது. நியூயார்க்கின் புரூக்ளினில் வாழ்ந்த, ஜெர்மானிய வம்சாவளியினரான ஜான் கிம்மல் ஒற்றை வரிசை அக்கார்டியனில் பதிவு செய்த தட்டுகளிலும், அவருக்குப் பின் வந்த ஃபிடில் கலைஞர்களின் தட்டுகளிலும் துணையாகக் கேட்பது பெரும்பாலும் பியானோதான். 1930-களின் பிற்பகுதியில் டொனகலைச் சேர்ந்த ஃபிடில் கலைஞர் ஹியூ கில்லெஸ்பியின் பதிவுகளில் கிட்டார் மிக நயமாக ஒலித்தது என்றாலும், அது உடனே வழக்கமாகிவிடவில்லை. அயர்லாந்திலும் கெய்லி எனப்படும் கூட்டு நடனங்களுக்கு வாசிக்கும் இசைக்குழுக்கள் பியானோவையும் சிறு டிரம்மையும் வைத்தே நடனக் கூடங்களை நடத்தின. 1960-களின் நாட்டுப்புறப் பாடல் அலைக்குப் பிறகுதான், அதிலும் குறிப்பாக 1970-களில்தான், கிட்டார் நடன மெட்டுகளுக்குரிய துணைக் கருவியாக நிலைபெற்றது. அப்போதும் எல்லோருக்கும் அது தேவைப்படவில்லை. கால்வே மாவட்டத்தின் ஜோ கூலி 1972-இல், தம் மறைவுக்குச் சற்று முன், பீட்டர்ஸ்வெல் ஊரின் மதுக்கூடம் ஒன்றில் வாசித்த பதிவில் பேன்ஜோவும் பௌரான் என்ற தோற்கருவியும்தான் துணை. கிட்டாரே இல்லாமல் அந்த இசை எவ்வளவு துள்ளுகிறது என்பதைக் கேட்ட பிறகு கிட்டாரை எடுப்பது நல்லது.

இனி அக்கார்டியனைப் பார்ப்போம். ஐரிஷ் இசையில் பெரும்பாலும் பயன்படுவது பியானோக் கட்டைகள் கொண்ட அக்கார்டியன் அன்று. இரண்டு வரிசைப் பொத்தான்கள் கொண்ட, துருத்தியை அழுத்தும்போது ஒரு ஸ்வரத்தையும் இழுக்கும்போது வேறொரு ஸ்வரத்தையும் தரும் வகையே. இரண்டு வரிசைகளும் அரை ஸ்வர இடைவெளியில் சுருதி கூட்டப்பட்டிருக்கும். இவற்றில் இரண்டு வகைகள் முக்கியமானவை: இரு வரிசைகளின் ஆதார ஸ்வரங்களைக் கொண்டு பி/சி என்றும் சி ஷார்ப்/டி என்றும் அழைக்கப்படுபவை. பட்டியலில் பார்த்தால் இரண்டிலும் எல்லா ஸ்வரங்களும் இருக்கின்றன. ஆனால் டி மேஜரில் ஒரு மெட்டை வாசித்துப் பார்த்தால் இரண்டும் இரு வேறு கருவிகளாகவே நடந்துகொள்கின்றன, அந்த வேறுபாடு கிட்டாரின் வலது கை வரை வந்து சேர்கிறது.

சி ஷார்ப்/டி வகையில் டி வரிசை முழுவதும் கைக்கு நேராக இருக்கிறது. டி, எஃப் ஷார்ப், ஏ ஆகிய மூன்றும் அழுத்தும்போது வருகின்றன. ஈ, ஜி, பி, சி ஷார்ப் நான்கும் இழுக்கும்போது வருகின்றன. ஆகவே டி மேஜர் ஸ்கேலைக் கீழிருந்து மேலாக வாசித்தால் ஏறக்குறைய ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் துருத்தி திசை மாறுகிறது. ஒவ்வொரு திசை மாற்றமும் ஒரு சிறு வெட்டு. அந்த வெட்டுகளே மெட்டுக்குத் துடிப்பைத் தருகின்றன. ஜோ கூலியின் வாசிப்பும், கார்க் மாவட்டத்தைச் சேர்ந்த ஜாக்கி டேலியின் வாசிப்பும் இந்த அழுத்து-இழு முறையின் மேல் கட்டப்பட்டவை. பி/சி வகையில் டி மேஜரை இரண்டு வரிசைகளுக்கும் இடையே விரல்கள் தாவித்தான் வாசிக்க முடியும். டி, ஏ, சி ஷார்ப் ஆகியவை இழுக்கும்போதும், எஃப் ஷார்ப், ஜி ஆகியவை அழுத்தும்போதும் வருகின்றன. ஈ, பி இரண்டும் வரிசையைப் பொறுத்து இரு திசைகளிலும் கிடைக்கின்றன. இதன் விளைவாகத் துருத்தி அதிகம் திரும்பாமல் நீண்ட தொடர்களை ஒரே மூச்சில் வாசிக்க முடிகிறது. ரோல் எனப்படும் ஐந்து ஸ்வர அலங்காரமும் வழுக்கிக்கொண்டு வருகிறது. டிப்பரரியைச் சேர்ந்த பேடி ஓ’பிரையன் 1950-களில் இந்த முறையைப் பரவலாக்கினார். கால்வேயின் ஜோ பர்க் அதை அலங்காரச் செறிவோடு வளர்த்தெடுத்தார். இன்று உலகம் அறிந்த ஷாரன் ஷானனும் பி/சி வாசிப்பவரே.

கிட்டாருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் நேரடியானது. அழுத்து-இழு முறையில் வாசிப்பவரிடம் துடிப்பு ஏற்கெனவே இருக்கிறது. அவருக்கு மேல் கிட்டாரும் ஒவ்வொரு அரை அடியையும் வெட்டிக் காட்டினால் இரண்டு தாளங்கள் ஒன்றையொன்று இடிக்கும். கிட்டார் கலைஞர் அங்கே அடிக்குரலை நீட்டிப் பிடித்து, அழுத்தம் விழும் இடங்களில் மட்டும் கூர்மையாகத் தொட்டால் போதும். பி/சி வாசிப்பவரிடம் ஓட்டம் உண்டு, வெட்டு குறைவு. ஆகவே அங்கே தாளத்தின் விளிம்பைக் காட்டும் பொறுப்பு கிட்டாருக்கு வருகிறது. வலது கை சீராக, சிறியதாக, இடைவிடாமல் அசைந்துகொண்டிருக்க வேண்டும். ஆனால் ரோல்கள் விழும் இடத்தில் கார்டை மாற்றக் கூடாது. அலங்காரம் முடிந்து மெட்டு காலூன்றும் ஸ்வரத்தில் மாற்றுவதே கேட்பவருக்கு இரண்டையும் தெளிவாக்கும். இவை விதிகள் அல்ல, தொடக்க நிலை ஊகங்கள்தான். பி/சியில் வெட்டி வாசிப்பவர்களும், சி ஷார்ப்/டியில் வழுக்கி வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். நண்பரின் துருத்தியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வாசித்தால் சில மாலைகளிலேயே விளங்கிவிடும்.

மெலோடியன் எனப்படும் ஒற்றை வரிசை அக்கார்டியன் தனி வகை. டியில் சுருதி கூட்டிய மெலோடியனில் சி ஸ்வரம் கிடையாது, சி ஷார்ப் மட்டுமே உண்டு. ஜி மேஜரில் அமைந்த மெட்டை அதில் வாசிப்பவர் சி வரும் இடங்களை வேறொரு ஸ்வரத்தால் சுற்றிச் செல்வார், அல்லது துணிந்து சி ஷார்ப்பையே வாசிப்பார். பழைய மெலோடியன் வாசிப்பின் சுவையே அதில் பாதி இருக்கிறது. புத்தகத்தில் பார்த்த கார்டுகளை நம்பி அங்கே சி மேஜர் கார்டை அடிக்கும் கிட்டார் கலைஞர் அந்தச் சுவையைக் கெடுத்துவிட்டு, தவறு யாருடையது என்று தெரியாமல் விழிப்பார்.

அடுத்தது இடது கை. இந்தப் பெட்டிகளில் பரவலாகக் காணப்படும் அமைப்பு எட்டுப் பொத்தான்களைக் கொண்டது. நான்கு அடிக்குரல்களும் அவற்றுக்குரிய நான்கு கார்டுகளும் துருத்தியின் திசையைப் பொறுத்து மாறிவரும். இந்தச் சிறிய கையிருப்பைக் கொண்டு ஐரிஷ் மெட்டுகளின் எல்லா மோடுகளுக்கும் (ஸ்வர வரிசை வகைகளுக்கும்) பொருத்தமான கார்டு தர இயலாது. ஆகவே சிலர் இடது கையை ஏறக்குறைய மறந்தே விடுகிறார்கள். சிலர் தாளத்துக்காக மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தொடுகிறார்கள். சிலர் கார்டு ரீடுகளிலிருந்து (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்குகளிலிருந்து) மூன்றாம் ஸ்வரத்தை, அதாவது காந்தாரத்தை, நீக்கிவிட்டு மேஜரா மைனரா என்ற சிக்கலே இல்லாமல் வாசிக்கிறார்கள். சேர்ந்து வாசிப்பதற்கு முன் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். நண்பர் டி அடிக்குரலை ஊன்றிப் பிடித்திருக்கும்போது கிட்டார் பி மைனருக்குச் சென்றால், தனியாகக் கேட்கும்போது அழகாயிருந்த மாற்றம் குழப்பமாகிவிடும். அவர் காந்தாரம் உள்ள டி மேஜர் கார்டைப் பிடித்திருக்கையில் கிட்டார் ஜியைத் தாங்கி நிறுத்தினால் ரீடின் எஃப் ஷார்ப்பும் தந்தியின் ஜியும் உரசும். இருவரும் மனம்விட்டுப் பேசி, ஒன்று இடது கையை அடக்கிக்கொள்ளலாம், அல்லது இடது கையின் கார்டுகளையே அடிப்படையாகக் கொண்டு கிட்டார் அவற்றைப் பின்தொடரலாம். இரண்டாவது வழியை இன்றைய கிட்டார் கலைஞர்கள் விரும்புவதில்லை. எனக்கோ நடனத்துக்கு வாசிக்கும்போது அதுவே உறுதியானதாகத் தோன்றுகிறது.

ஒலியின் உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். இந்த மெட்டுகளில் பெரும்பாலானவை நடு சிக்கு அடுத்துள்ள டியிலிருந்து மேல்நோக்கி ஏறக்குறைய இரண்டு ஸ்தாயிக்குள் நடமாடுகின்றன. வழக்கமான சுருதியில் கிட்டாரின் முதல் தந்தி மட்டுமே, திறந்த நிலையில், அந்த எல்லைக்குள் வருகிறது. மற்ற ஐந்தும் அதற்குக் கீழே இருக்கின்றன. ஆறாம் தந்தியை ஈயிலிருந்து டிக்கு இறக்கினால், மெட்டின் கீழ் டிக்குச் சரியாக இரண்டு ஸ்தாயி கீழே ஒரு டி கிடைக்கிறது. அக்கார்டியனின் ரீடுகள் மேல் பகுதியை முழுவதுமாக நிரப்பிவிடுவதால், முதல் இரண்டு தந்திகளில் வாசிப்பவை ஒன்று கேட்காது, அல்லது கேட்டு இடைஞ்சல் செய்யும். நான்கு, ஐந்து, ஆறாம் தந்திகள் அப்படியல்ல. அங்கே அக்கார்டியனால் தர முடியாத ஒன்று இருக்கிறது. ரீடு மெல்ல எழுந்து அறுபடாமல் நீள்கிறது. பிளெக்ட்ரம் எனும் மீட்டுத் தகடு பட்ட தந்தியோ சட்டென்று எழுந்து உடனே தணியத் தொடங்குகிறது. அந்த முதல் கணத்துக் கூர்மைதான் அக்கார்டியனுக்குக் கிட்டார் தரும் உண்மையான கொடை. ஆறு தந்திகளையும் ஒருசேர விரித்து அடிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, இரண்டு அல்லது மூன்று தந்திகளை மட்டும் தொட்டு, உள்ளங்கை ஓரத்தால் நாதத்தைச் சற்று அடக்கிப் பழகினால், கிட்டார் ஒலியில் குறைந்தாலும் கேட்பதில் கூடும்.

இப்போது சுருதியமைப்புக்கு வரலாம். ஐரிஷ் மெட்டுகளில் பெரும்பான்மையானவை நான்கு மோடுகளுக்குள் அடங்குகின்றன. ஸ்வர வரிசை அளவில் மட்டும் சொன்னால், அயோனியன் சங்கராபரணத்தையும், மிக்ஸோலிடியன் ஹரிகாம்போதியையும், டோரியன் கரஹரப்பிரியாவையும், ஏயோலியன் நடபைரவியையும் ஒக்கும். கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இவை அந்நியமாக இரா. சிக்கல் என்னவென்றால், ஒரே மெட்டுக்குள் சி, சி ஷார்ப் இரண்டும் வந்துபோவதுண்டு. ஒரு மெட்டு மேஜரா மைனரா என்று சொல்ல முடியாமல் நடுவில் நிற்பதும் உண்டு. பியானோத் துணையின் பழைய பதிவுகளில் மெட்டு ஓரிடமும் கார்டு வேறிடமுமாகப் போவதைப் பலமுறை கேட்கலாம்; மேஜர், மைனர் என்று முடிவுசெய்துகொண்டு வாசித்ததே அதற்குக் காரணம். டாட்கேட் இந்தச் சிக்கலைத் தந்தியிலேயே தவிர்த்துவிடுகிறது. திறந்த நிலையில் அதில் டி, ஏ, ஜி மட்டுமே ஒலிக்கின்றன; காந்தாரம் இல்லை. எளிய விரலமைப்புகளில் ஆதார ஸ்வரமும் பஞ்சமமும் முதன்மையாக ஒலித்து, மெட்டு எப்படித் திரும்பினாலும் இடம் கொடுக்கின்றன. 1960-களின் தொடக்கத்தில் ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் கையாண்ட இந்தச் சுருதியை ஐரிஷ் இசைக்குள் நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர்கள் மீஹால் ஓ டோனலும், டெர்ரியைச் சேர்ந்த டாஹி ஸ்ப்ரூலும்.

ஆனால் மீஹால் ஓ டோனலை அப்படியே நகலெடுப்பது அக்கார்டியனுக்குப் பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது. அவர் புகழ்பெற்றது 1975-இல் உருவான ‘போத்தி பேண்ட்’ என்ற குழுவில். அக்குழுவில் மெட்டை ஏந்தியவை ஃபிடில், புல்லாங்குழல், ஐலியன் பைப்ஸ் எனப்படும் ஐரிஷ் துருத்திக்குழல் ஆகியவை. அவரது விரிந்த, ஒலித்துக்கொண்டே இருக்கும் கார்டுகள் அந்தக் கருவிகளுக்கு இடையேயான வெளியை நிரப்பப் பிறந்தவை. அக்கார்டியனோடு டாட்கேட் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதற்கு டாஹி ஸ்ப்ரூலே சிறந்த சான்று. அவர் ஆஃபலி மாவட்டத்திலிருந்து அமெரிக்காவின் மினசோட்டாவுக்குக் குடிபெயர்ந்த அக்கார்டியன் கலைஞரோடும் (அவர் பெயரும் பேடி ஓ’பிரையன்தான், மேலே சொன்ன டிப்பரரிக்காரர் வேறு, இவர் வேறு), ஃபிடில் கலைஞர் ஜேம்ஸ் கெல்லியோடும் 1970-களின் இறுதியில் பதிவு செய்தவற்றில் கிட்டார் எப்போதும் ஓர் அடி பின்னே நிற்கிறது, கார்டுகள் குறைவு, மாற்றங்கள் தாமதமாக வருகின்றன, ஆனால் வரும் இடத்தில் மெட்டு புதிதாகத் திறக்கிறது. பின்னாளில் ஆல்டன் குழுவில் டெர்மட் பர்னின் அக்கார்டியனுக்கும் அவர் இதே பணிவோடுதான் வாசித்தார்.

ஆறாம் தந்தியை மட்டும் டிக்கு இறக்கும் முறை இரண்டாவது பெரிய பாதை. வழக்கமான விரலமைப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்க, அடிக்குரல் மட்டும் ஆழமாகிறது. அடிக்குரலை ஸ்வரம் ஸ்வரமாக நடத்திச் செல்வதற்கு இது டாட்கேட்டைவிட வசதியானது. டப்ளினில் பிறந்து நியூயார்க்கின் சோலஸ் குழுவில் வாசித்த ஜான் டாயில் இந்தச் சுருதியில் வலது கையை ஏறக்குறைய தோற்கருவியாகவே மாற்றிக் காட்டினார். அக்குழுவில் முதலில் ஜான் வில்லியம்ஸும் பிறகு மிக் மகாலியும் அக்கார்டியன் வாசித்தார்கள் என்பதால், அந்தப் பதிவுகள் உங்கள் கேள்விக்கு நேரடிப் பயன் உள்ளவை. ஆனாலும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. அது ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒவ்வொரு கருவியின் ஒலியும் தனித்தனியே சமன்செய்யப்பட்ட இசை. நான்கு பேர் சுற்றி உட்கார்ந்திருக்கும் அறையில் அதே வேகத்தையும் அதே விசையையும் கொண்டுவந்தால் அக்கார்டியன் வாசிப்பவர் கிட்டாரைத் துரத்த ஆரம்பிப்பார். துணை வாசிப்பவர் மெட்டு வாசிப்பவரை விரட்டும் நிலை இந்த மரபில் பெரிய குற்றமாகக் கருதப்படுகிறது.

ஒமா நகரைச் சேர்ந்த ஆர்ட்டி மக்ளின், பேட்ரிக் ஸ்ட்ரீட் குழுவில் ஜாக்கி டேலியின் அக்கார்டியனுக்குத் துணை வாசித்தவர். ஷோபேண்டுகள் எனப்படும் நடனக்கூடப் பாப்பிசைக் குழுக்களில் பல ஆண்டுகள் மின்கிட்டார் வாசித்துத் தேர்ந்த கை அவருடையது. நடன மெட்டுகளையே கிட்டாரில் முழுமையாக வாசிக்கக் கூடியவர் என்பதால், மெட்டின் ஒவ்வொரு வளைவும் அவருக்கு உள்ளிருந்து தெரியும். அவர் வாசிப்பில் ஜாஸ் வாசனையுள்ள கார்டுகள் வந்தாலும் அவை மெட்டின் மேல் ஒட்டப்பட்டவையாகத் தோன்றாமைக்கு அதுவே காரணம். வெட்டி வெட்டித் துடிக்கும் அக்கார்டியனுக்கு, அளவான, சுருக்கமான, சற்று ஊசலாடும் கிட்டார் எவ்வளவு பொருந்தும் என்பதை அறிய அந்தப் பதிவுகளைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.

இதற்கு நேரெதிர் முனையில் ஷேமஸ் பெக்லியும் ஸ்டீவ் கூனியும் இருக்கிறார்கள். பெக்லி கெர்ரி மாவட்டத்தின் டிங்கிள் தீபகற்பத்தில் ஐரிஷ் மொழி பேசும் இசைக் குடும்பத்தில் 1949-இல் பிறந்து, விவசாயமும் பாட்டும் அக்கார்டியனுமாக வாழ்ந்து 2023-இல் மறைந்தவர். கூனி ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து 1980-களின் தொடக்கத்தில் அயர்லாந்துக்கு வந்து, ஸ்டாக்டன்ஸ் விங் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். இருவரும் 1990-களில் இணைந்து வாசித்த போல்கா, ஸ்லைடு என்ற நடன மெட்டுகள் ஒரு தலைமுறைக் கிட்டார் கலைஞர்களின் கையையே மாற்றிவிட்டன. கூனி பயன்படுத்தியது நைலான் தந்திக் கிட்டார். எஃகுத் தந்தியின் மினுமினுப்பு இல்லாத, மரத்தில் தட்டுவது போன்ற அந்த ஒலி, அக்கார்டியன் ரீடுகளின் கூர்மையோடு மோதாமல் அதற்கு அடியில் அமர்ந்துகொள்கிறது. பேஸ் வாசித்த அனுபவத்தால் அவரது அடிக்குரல் எங்கே விழ வேண்டும், எங்கே விழாமல் காத்திருக்க வேண்டும் என்பதும் துல்லியமாக இருக்கிறது. அவர் மிகுந்த விசையோடு வாசித்தார் என்று சொல்வது உண்மை. ஆனால் அவரைப் பின்பற்றியவர்கள் பலர் விசையை மட்டும் எடுத்துக்கொண்டு, அடிகளுக்கு இடையே அவர் விட்ட மௌனத்தை விட்டுவிட்டார்கள். போல்காவில் இந்த மௌனம்தான் நடனக்காரரின் காலைத் தூக்குகிறது.

போல்காவைச் சொன்னதால் வலது கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கார்க்-கெர்ரி எல்லையில் உள்ள ஸ்லீவ் லூக்ரா பகுதி போல்காவுக்கும் ஸ்லைடுக்கும் தாயகம் எனலாம். ஜானி ஓ’லியரி, ஜாக்கி டேலி போன்றோரின் அக்கார்டியன் அந்த மண்ணில் வளர்ந்தது. போல்கா 2/4 அளவு கொண்டது. அடியில் அடிக்குரல், அடிக்கு இடையே மேல்நோக்கிய சிறு வீச்சு என்பது இதன் எலும்புக்கூடு. மேல்வீச்சு அடிக்குரலைவிடச் சற்று அழுத்தமாகவும், உடனே அடக்கப்பட்டும் இருக்க வேண்டும். ஸ்லைடு 12/8-இல் எழுதப்பட்டாலும் கேட்பதற்கு நீண்டது-குறுகியது என்ற ஊஞ்சலாக இருக்கும். ஜிக் வாசிப்பது போல ஒவ்வொரு ஸ்வரத்தையும் அடித்தால் அது நின்றுவிடும். 6/8 ஜிக்கில் கீழ்-மேல்-கீழ், கீழ்-மேல்-கீழ் என்ற வீச்சு முறையே பெரும்பாலோர் கைக்கொள்வது; இரண்டு கீழ்வீச்சுகள் அடுத்தடுத்து வருவதால் தொடக்கத்தில் கை இடறும், ஆனாலும் ஒவ்வொரு மூன்றின் தலையிலும் கீழ்வீச்சின் எடை விழுவது அந்த முறையில் மட்டுமே இயல்பாக நடக்கும். ரீலில் எட்டு ஸ்வரங்களுக்கும் கை அசையலாம், ஆனால் தந்தியில் படுவது அவற்றில் மூன்று நான்காக இருந்தால் நல்லது. ஹார்ன்பைப்பில் வேகத்தைக் குறைத்து, அடிக்குரலை நடத்திச் செல்ல நல்ல வாய்ப்பு உண்டு. வால்ட்ஸுக்குத் தனியாக எதுவும் சொல்லத் தேவையில்லை.

கார்டு மாற்றங்களைப் பற்றி ஓர் எடுத்துக்காட்டு. ஜோ கூலியின் பெயராலேயே அழைக்கப்படும் ரீல் ஈ டோரியனில் உள்ளது. ஈ மைனரும் டியும் மட்டும் தெரிந்தால் அந்த மெட்டை முழுவதும் தாங்கிவிடலாம். பலர் அப்படித்தான் தாங்குகிறார்கள், அதில் குறையேதும் இல்லை. ஐரிஷ் மெட்டுகள் பொதுவாக இரண்டு பகுதிகளாக, ஒவ்வொன்றும் இருமுறை வாசிக்கப்பட்டு, முழுச் சுற்றும் இரண்டு மூன்று முறை திரும்ப வருவதால், மாற்றத்துக்கு நிறைய நேரம் இருக்கிறது. முதல் சுற்றில் ஈ அடிக்குரலையும் அதன் பஞ்சமத்தையும் மட்டும் பிடித்திருக்கலாம். இரண்டாம் சுற்றில் முறையான கார்டுகளைத் தரலாம். மூன்றாவதில், மெட்டு அதே இடத்தில் நிற்கும்போது அடிக்குரலை ஈயிலிருந்து டி, சி ஷார்ப், பி என்று படிப்படியாக இறக்கலாம். சியை விட்டு சி ஷார்ப்பைத் தொடுவதால் டோரியனின் குணமும் காப்பாற்றப்படுகிறது. இந்த இறக்கத்தை ஒரு சுற்றில் ஒருமுறை செய்தால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஒவ்வொரு முறையும் செய்தால் அக்கார்டியன் வாசிப்பவர் சலிப்போடு உங்களைப் பார்ப்பார். டி மிக்ஸோலிடியனில் உள்ள ஜிக்குகளுக்கு டியும் சியும் இதே வகையில் போதுமானவை. மெட்டில் சி வருகிறதா சி ஷார்ப் வருகிறதா என்று உறுதியாகத் தெரியாதவரை, இவற்றில் ஒன்றைக் கொண்ட கார்டு எதையும் அடிக்காமல் டியும் ஏயும் மட்டும் ஒலிக்கும்படி வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு விடை இதுதான். வழக்கமான சுருதியில் ஏற்கெனவே கை பழகியிருந்தால் ஆறாம் தந்தியை மட்டும் டிக்கு இறக்கிக்கொண்டு தொடங்குங்கள். அக்கார்டியனுக்கு வேண்டிய ஆழமும் அடிக்குரல் நடையும் அதிலேயே கிடைக்கும். டாட்கேட்டைப் பிறகு, மோடுகளின் வேறுபாடு காதுக்குப் பிடிபட்ட பின் பயிலலாம். அதில் ஏறக்குறைய எதை அடித்தாலும் இனிமையாக இருக்கும் என்பதே ஆபத்து. மெட்டு எங்கே போகிறது என்று தெரியாமலே ஆண்டுக்கணக்கில் வாசித்துக்கொண்டிருக்க அது இடம் தரும். டி தவிர்த்த ஸ்கேல்களுக்குக் கேப்போவை (தந்திகளை ஒருசேர அழுத்திச் சுருதியை உயர்த்தும் கவ்வியை) பயன்படுத்துவதில் தயக்கம் வேண்டாம், ஆனால் அது மேலேறும்போதெல்லாம் ஆழம் குறைந்து கிட்டார் அக்கார்டியனின் பகுதிக்குள் நுழைகிறது என்பதை நினைவில் வையுங்கள். ஐந்தாவது ஃபிரெட்டுக்கு மேல் கேப்போ போவதை நான் தவிர்க்கச் சொல்வேன்.

கடைசியாக, சுருதி சேர்ப்பு. அக்கார்டியனின் ரீடுகளை உட்கார்ந்த இடத்தில் மாற்ற முடியாது என்பதால் கிட்டார்தான் இணங்கிப் போக வேண்டும். அதற்கு மின்னணுச் சுருதிமானி மட்டும் போதாது. ஒரு பொத்தானை அழுத்தும்போது பெரும்பாலும் இரண்டு ரீடுகள் சேர்ந்து ஒலிக்கின்றன. ஒன்று சரியான சுருதியிலும் மற்றொன்று சற்று மேலேயும் வைக்கப்பட்டிருக்கும். அந்த இடைவெளி அரை ஸ்வரத்தின் நூறில் நான்கு ஐந்து பங்கு அளவில் இருந்தால் ஒலி உலர்ந்து நேராக இருக்கும். இன்று பலர் விரும்புவது இதை. இருபது பங்கு அளவுக்குப் போனால் நாதம் நடுங்கும். 440 அதிர்வில் வைத்த ஏ ஸ்வரத்தோடு ஏறக்குறைய 445-இல் உள்ள மற்றொரு ரீடு சேர்ந்து, நொடிக்கு ஐந்து முறை அலையும். பழைய கெய்லிக் குழுக்களின் ஒலி இத்தகையது. இந்த வகைப் பெட்டியோடு வாசிக்கும்போது சரியாக 440-க்குக் கூட்டிய கிட்டார் தாழ்ந்தே கேட்கும், ஏனெனில் காது இரண்டு ரீடுகளின் நடுவை மையமாகக் கொள்கிறது. நண்பரிடம் டியையும் ஏயையும் நீட்டி வாசிக்கச் சொல்லி, அலையின் நடுவில் தந்தி அமரும் வரை காதாலேயே ஏற்றிக்கொள்ளுங்கள். அழுத்தும்போதும் இழுக்கும்போதும் சுருதி சற்று வேறுபடும் பழைய பெட்டியாக இருந்தால், மெட்டு எந்தத் திசையில் அதிகம் நிற்கிறதோ அதற்குக் கூட்டுங்கள்.